ரேச்சல் அம்மையாரின் வாழ்க்கைக் குறிப்பு

டுரியான் துங்கால் வட்டாரத்தில் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், பாஸ்டருக்குப் போன் போன கையோடு சாமுவேலுக்கும் போய்விடும். பெட்டிக்கு ஒருவர், பூவுக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர் என்று ஆள் பிரிக்கும்போது, வாழ்க்கைக் குறிப்புக்குச் சாமுவேல்தான் என்பதில் யாருக்கும் மறுபேச்சு இருந்ததில்லை. அடக்க ஆராதனையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில், இறந்தவர் எங்கே பிறந்தார், யாரை மணந்தார், எத்தனை பிள்ளைகள், சபைக்கு என்னென்ன செய்தார் என்று ஐந்து நிமிடம் வாசிப்பார்களே, அந்தக் குறிப்பு. முப்பது வருடத்துக்கு மேலாக அதை எழுதியவர் அவர்.

படிப்பு என்னவோ மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான். ஆனால் தபால்காரர். மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கடிதம் கொடுத்தவருக்கு யார் வீட்டில் யார் என்பது அத்துப்படி. கையெழுத்தும் அழகாக இருக்கும். ஒருமுறை பாஸ்டர் அவசரத்துக்கு எழுதச் சொன்னார், எழுதினார். அதோடு அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவருக்கென்று ஒரு நடை உண்டு. ‘தேவபக்தியுள்ள பெற்றோருக்கு மகனாகப் பிறந்து’ என்று ஆரம்பிக்கும். ‘அமைதியான குணமும் விருந்தோம்பும் மனமும் கொண்டவராய்’ என்று நடுவில் வரும். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று முடியும். வாழ்நாளெல்லாம் குடித்துவிட்டு வந்து மனைவியைப் போட்டு அடித்தவர்கூட, சாமுவேலின் காகிதத்துக்குள் வந்துவிட்டால் அமைதியான குணம் படைத்தவராகிவிடுவார். அதற்காகத்தான் சனங்கள் அவரைத் தேடி வந்தார்கள். இறந்தவரைப் பற்றி உண்மை கேட்க எவன் கோயிலுக்கு வருகிறான்?

எழுத ஆரம்பித்த புதிதில் ஒரே ஒரு தடவை சறுக்கியிருக்கிறார். நடுவயதில் மதம் மாறிச் சபைக்கு வந்த ஒரு பெரியவருக்கு எழுதும்போது, அவருடைய பழைய பெயரையும் தாய் தகப்பன் பெயரையும் போட்டுவிட்டார். ஆராதனை முடிந்ததும் மகன்கள் நாலு பேரும் வாசலிலேயே அவரை வளைத்துக்கொண்டார்கள். “எங்கப்பாவ செத்த பொறவும் பழைய பேரச் சொல்லி இழுக்கிறீங்களா?” என்று மூத்தவன் சத்தம் போட, மூப்பர்கள் வந்து விலக்கிவிட்டார்கள். அன்றோடு சரி. சபைக்கு வருவதற்கு முன்னால் யாருக்கும் ஒரு வாழ்க்கை இருந்ததாக அவர் எழுதியதே இல்லை.

அவருடைய மனைவி ரேச்சலுக்கு அப்படி ஒரு வாழ்க்கை இருந்தது. இருபத்திரண்டு வயதுவரை அவள் கோமளா. ரப்பர்த் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் குடியிருந்து பால்மரம் வெட்டிய ரங்கசாமிக்கும் முனியம்மாவுக்கும் மூத்த பெண். தபால் மோட்டார் சத்தம் கேட்டதும் லயத்துக் கடிதத்தையெல்லாம் வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஓடிவருகிற பெண். தன் பெயருக்கு ஒரு கடிதமும் வராது என்று தெரிந்தும் ஓடிவருவாள். எழுபத்தொன்பதில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு சாமுவேலைக் கட்டினாள். ரங்கசாமி கதவைச் சாத்தியவர் சாத்தியவர்தான், பிறகு திறக்கவே இல்லை.

தொண்ணூற்றிரண்டில் ஒருநாள், சாமுவேல் தபால் பிரிக்கும்போது தன் வீட்டு விலாசத்துக்கே ஒரு கவர் இருப்பதைப் பார்த்தார். அனுப்பியவர் பெயர் இல்லை. லயத்துக்காரர் யாரோ மனசு கேட்காமல் அனுப்பியது. உள்ளே முனியம்மாவின் கருமாதிப் பத்திரிகை. மாமியார் இறந்து பத்து நாளாகியிருந்தது. அதை அவரே பையில் போட்டு, அவரே மோட்டாரில் கொண்டுவந்து, அவரே மனைவி கையில் கொடுத்தார். அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். கீழே ‘இங்ஙனம்’ என்று போட்டு, கணவர் ரங்கசாமி, மகன் தங்கையா. அவ்வளவுதான். மகள் என்று ஒருத்தி இல்லை.

அன்றைக்கு அவள் அழவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியையெல்லாம் எடுத்து மறுபடியும் துவைத்தாள். பத்திரிகையைத் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

சாமுவேலுக்கு எழுபதானபோது வலது கை நடுங்க ஆரம்பித்தது. கோப்பியைப் பிடித்தால் பாதி தட்டில் நிற்கும். எழுத்து கிறுக்கலாகிப் போனது. மனிதர் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். மகள் ஸ்டெஃபனி புக்கிட் பெருவாங்கில் இருக்கிறாள், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அடுத்த சனிக்கிழமை லேப்டாப்போடு வந்து இறங்கினாள்.

“அப்பா, இப்ப ஏஐ இருக்கு லா. உங்க பழைய குறிப்பையெல்லாம் அதுகிட்ட குடுத்தா உங்கள மாதிரியே எழுதும்.”

“என்ன மாதிரி எப்படி எழுதும்? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“டிரை பண்ணித்தான் பாப்போமே.”

பிஸ்கட் டின்னில் அறுபதுக்கு மேற்பட்ட பழைய குறிப்புகளை வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் போட்டோ பிடித்து ஏற்றினாள். பிறகு சும்மா ஒரு ஆளைக் கற்பனை செய்து எழுதச் சொன்னாள். ‘மண்ணைவிட்டு மறைந்தாலும் எம் மனங்களில் நிறைந்துவிட்ட மாமனிதரே’ என்று எடுத்த எடுப்பிலேயே முழங்கியது. சாமுவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது கட்சிக்காரன் போஸ்டர் மாதிரி இருக்கும்மா. நம்ம சபையில இப்படி வாசிச்சா பெட்டியில இருக்கிறவரே எந்திரிச்சு ஓடிருவாரு.”

ஆனால் விடவில்லை. சனிக்கிழமைதோறும் அப்பாவும் மகளும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். அது எழுதும், இவர் திருத்துவார், அவள் தட்டுவாள். ‘காலமானார்’ என்று போடாதே என்றார். ‘திரு’ வேண்டாம், ‘ஐயா’ போடு என்றார். வாக்கியம் நீளமாக ஓடவேண்டும், ஆனால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டக்கூடாது என்றார். கை போனாலும் தன்னிடம் கற்றுக்கொடுக்க இவ்வளவு இருக்கிறதா என்று அவருக்கே ஆச்சரியம். முகத்தில் களை வந்துவிட்டது.

ஒருநாள் ஸ்டெஃபனி கேட்டாள். “என்னென்ன எழுதக்கூடாதுன்னு ஒரு ரூல் மாதிரி சொல்லுங்கப்பா. சொல்லிட்டா அப்புறம் மறக்காது.”

சாமுவேல் விரலை மடக்கிச் சொன்னார். “நோய் பேரு போடக்கூடாது. சண்டை சச்சரவு கூடாது. மொத தாரம், ரெண்டாந்தாரம், ஒண்ணும் வேணாம். அப்புறம், சபைக்கு வர்றதுக்கு முன்னாடி இருந்த பேரு, தாய் தகப்பன் பேரு, அதைத் தொடவே கூடாது. தேவபக்தியுள்ள பெற்றோருன்னு போட்டுட்டா முடிஞ்சுது.”

அவள் தட்டிக்கொண்டாள். அடுப்படியில் ரேச்சல் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். “பரவால்லையே, உங்க புத்தி முழுசும் அதுக்குள்ள எறங்கிருச்சு” என்று அங்கிருந்தே சொன்னாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஸ்டெஃபனி போனபிறகு அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“ஏங்க, எனக்கும் அப்படித்தான் எழுதுவீங்களா?”

“உனக்கென்ன இப்ப? எனக்கு முன்னாடி போயிருவியா?”

“போனா. எங்கம்மா பேரப் போடுங்க. முனியம்மா மக கோமளான்னு ஒரே ஒரு தடவ வாசிங்க. அது போதும்.” மேசைமேல் இருந்த தன் பைபிளைத் தொட்டுக்காட்டிச் சொன்னாள். “அவங்க பத்திரிகையில எம்பேரு இல்ல. எம்பத்திரிகையிலயாச்சும் அவங்க பேரு இருக்கட்டும்.”

சாமுவேல் பிஸ்கட் டின்னை மூடினார். “உனக்கு நானே கைப்பட எழுதுவேன். அந்த ஏஐகிட்ட விடமாட்டேன். போதுமா?” என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுக் குழம்பைக் கூட்டப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஒருநாளும் அதைப்பற்றிப் பேசவில்லை. சொன்னது செய்வார் என்று நம்பினாள்.

மூன்றே மாதத்தில் அந்தக் கருவி அவருடைய நடையைப் பிடித்துக்கொண்டது. ஒரு அடக்க ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் லியோனல் வந்து கையைப் பிடித்தார். “அண்ணே, கை நடுங்கினாலும் எழுத்து நடுங்கலண்ணே. அப்படியே உங்க எழுத்து.” அந்தக் குறிப்பில் சாமுவேல் ஒரு வார்த்தைகூட மாற்றியிருக்கவில்லை. பெருமையாகவும் இருந்தது, எதையோ களவு கொடுத்ததுபோலவும் இருந்தது. வீட்டுக்கு வந்து ரேச்சலிடம் பெருமையை மட்டும் சொன்னார்.

இந்த வருடம் ஒரு புதன்கிழமை, காலையில் பசியாறிவிட்டு மங்கு தட்டு கழுவப் போன ரேச்சல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அறுபத்தெட்டு வயது. மறுநாள் மதியம் அடக்கம் என்று பாஸ்டர் நாள் குறித்தார்.

சாமுவேல் காகிதமும் பேனாவும் கேட்டு வாங்கினார். மேசைமுன் உட்கார்ந்தார். கை அன்றைக்கு என்றுமில்லாதபடி ஆடியது. ‘ரே’ என்று போட்டது பூச்சி ஊர்ந்ததுபோல் போனது. அடுத்த காகிதமும் அப்படியே. அதற்குள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். பெட்டிக்காரர் அளவு கேட்டார், பூக்காரர் நிறம் கேட்டார். காகிதம் வெறுமையாகவே கிடந்தது.

சாயங்காலம் ஸ்டெஃபனி அழுது வீங்கிய கண்ணோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அப்பா, நீங்க கஷ்டப்பட வேணாம். தேதியெல்லாம் நான் குடுத்துட்டேன். குறிப்பு வந்திருச்சு. வாசிக்கட்டுமா?”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் வாசித்தாள். ஒவ்வொரு வாக்கியமும் அவர் மனசில் ஏற்கெனவே இருந்ததுபோல் வந்து விழுந்தது. எங்கே மூச்சு விடுவாரோ அங்கே நின்றது. எந்த வார்த்தைக்கப்புறம் எந்த வார்த்தை என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. வேறு எவனோ எழுதியதாகத் தோன்றியிருந்தால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருப்பார், இடித்த இடத்தில் நிறுத்தியிருப்பார். எங்கேயும் இடிக்கவில்லை. தன் குரலைத் தானே கேட்கிறவனுக்கு அதில் என்ன குறை தெரியும்? “சரியா இருக்கும்மா” என்றார்.

மறுநாள் ஆலயம் நிறைந்திருந்தது. தபால்காரர் வீட்டுச் சாவுக்கு வராதவர்கள் இல்லை. நானே வாசிக்கிறேன் என்று சாமுவேல் எழுந்தார். லியோனல் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஒலிபெருக்கிமுன் நிறுத்தினார். காகிதம் நடுங்காமலிருக்க அதை மேசையில் வைத்துக்கொண்டார்.

“தேவபக்தியுள்ள பெற்றோருக்கு மகளாகப் பிறந்து, 1979ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்று, கர்த்தருடைய பந்தியில் சேர்ந்த ரேச்சல் அம்மையார்…”

அங்கே நின்றுவிட்டார்.

வாய் வாசித்து முடித்தபிறகுதான் காது அதைக் கேட்டது. முனியம்மா. புளி கரைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்த ரேச்சல். ‘உனக்கு நானே கைப்பட எழுதுவேன்.’ சாமுவேல் தலையைத் தூக்கிப் பார்த்தார். கடைசி வரிசையில், நீலச் சட்டைபோட்ட ஒரு ஆள், காதுக்குப் பின்னால் கையைக் குவித்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலை நரைத்துப் போயிருந்தது. ஆனால் அந்த நெற்றி ரேச்சலின் நெற்றி. தங்கையா. மச்சினனைப் பார்த்து நாற்பத்தாறு வருடம்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். காகிதத்தில் இல்லாவிட்டால் என்ன, வாயில் இருக்கிறதே. முனியம்மா மகள் கோமளா. மூன்றே வார்த்தை. அவர் வாயைத் திறந்தார். முன்வரிசையில் மூப்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று வாசலில் வளைத்துக்கொண்ட அந்த மூத்தவனும் இப்போது மூப்பராக அங்கேதான் இருந்தான். துக்கத்தில் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்து லியோனல் தோளில் கைவைத்தார். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. சாமுவேல் காகிதத்தைக் குனிந்து பார்த்தார். அடுத்த வரி தயாராக இருந்தது. “…அமைதியான குணமும் விருந்தோம்பும் மனமும் கொண்டவராய்” என்று கடைசிவரை வாசித்து முடித்தார்.

“அம்மாவுக்கு எழுதினதுதாண்ணே எல்லாத்திலயும் பெஸ்ட்” என்று யாரோ வெளியே வைத்துச் சொன்னார்கள். அவர் கேட்காததுபோல் தங்கையாவைத் தேடினார். ஆலயத்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். கல்லறைக்கு வரவில்லைபோல.

“தங்கையா.”

“மச்சான்.” கையைக் கூப்பினான். “அக்கா மூணு நாலு வருசமா போன் பண்ணிக்கிட்டிருந்துச்சு. உங்ககிட்ட சொல்லியிருக்காதுன்னு நெனைக்கிறேன்.”

சொல்லவில்லை. சாமுவேலுக்கு அதுவும் அப்போதுதான் தெரிந்தது.

“வேற எந்தச் சாவுக்கு வந்தாலும் வராட்டியும் என் சாவுக்கு வாடான்னு சொல்லுச்சு. அம்மா பேர உன் மச்சான் கோயில்ல மைக்குல வாசிப்பாரு, வந்து கேளுன்னு சொல்லுச்சு. அதுக்குத்தான் மச்சான் வந்தேன். எனக்கு எடது காது கேக்காது. கேக்குற பக்கமாப் பாத்துத்தான் உக்காந்தேன்.” அவன் மெதுவாகச் சொன்னான், கோபமே இல்லை. “வரல.”

தங்கையா பஸ் நிற்கும் பக்கமாக நடந்துபோய்விட்டான்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து ஸ்டெஃபனியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் இடிந்துபோனாள். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா” என்று அழுதாள். அம்மாவின் பழைய பெயர் அவளுக்குத் தெரியும், பாட்டி பெயர் தெரியாது. வீட்டில் யாரும் சொன்னதில்லை. அழுதுகொண்டே லேப்டாப்பைத் திறந்து, பழைய பெயர் கூடாது என்ற அந்த ரூலை எடுத்துவிட்டு, முனியம்மாள், ரங்கசாமி, கோமளா என்று பெயர்களைக் கொடுத்தாள். உடனே எழுதிக் கொடுத்தது. ‘தேவபக்தியுள்ள முனியம்மாள் அம்மையாருக்கும் ரங்கசாமி ஐயா அவர்களுக்கும் அருமை மகளாகப் பிறந்து, கோமளா என அன்போடு அழைக்கப்பட்டு…’

“மூடிரும்மா” என்றார் சாமுவேல். “அதக் குத்தம் சொல்லாத. அது எழுதல. நாந்தான் எழுதியிருக்கேன்.”

மறுநாளிலிருந்து தானே எழுத ஆரம்பித்தார். கையைத் தலையணையில் முட்டுக்கொடுத்து, ஒரு நாளைக்கு இரண்டு வரி, மூன்று வரி. பழக்கதோஷத்தில் ‘அமைதியான குணமும்’ என்று வந்துவிடும். அடிப்பார். அவளுக்கு அமைதியான குணம் எங்கே இருந்தது? பசாரில் மீன்காரனிடம் நின்று சண்டை போடுவாள். அதை எழுதினார். பதினொரு நாளில் ஒரு பக்கம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டெஃபனி காரில் தஞ்சோங் கிளிங்குக்கு அழைத்துப் போனாள். தங்கையா அங்கே ஒரு ஓட்டலில் தோட்டவேலை பார்க்கிறான். கடற்கரை ரோட்டை ஒட்டிய குடியிருப்பு, ஒரு தாமானில் சின்ன வீடு. மாமா என்று ஸ்டெஃபனி கூப்பிட்டதும் அவன் ஒருநிமிடம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். உட்காரச் சொல்லி, கோப்பி கலக்கிக் கொடுத்தான். சாமுவேல் கோப்பியைத் தொடவில்லை. காகிதத்தைப் பிரித்து, அவனுடைய வலது காதுப் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“முனியம்மா மகள் கோமளா. தகப்பன் ரங்கசாமி. பால்மரம் வெட்டிய சனம். தனக்குக் கடிதம் வராது என்று தெரிந்தும் என் மோட்டார் சத்தத்துக்கு ஓடிவருவாள். நான் அவளுக்கு ஒரே ஒரு கடிதம்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அது அவள் அம்மாவின் கருமாதிப் பத்திரிகை. அன்றைக்கு அவள் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளைக் கோமளா என்று நான் கூப்பிட்டு நாற்பத்தாறு வருடம் ஆகிறது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் செய்யவில்லை.”

இன்னும் கொஞ்சம் இருந்தது. குரல் உடைந்து உடைந்து எல்லாவற்றையும் வாசித்து முடித்தார். தங்கையா தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தப் பத்திரிகைய அச்சுக்குக் குடுத்தது நாந்தான் மச்சான்” என்றான். “அக்கா பேர எடுக்கச் சொன்னது அப்பா. ஆனா காயிதத்த கொண்டுபோயிக் குடுத்தது நான். அதுல எழுதி இருந்துச்சு, மகள் கோமளான்னு. கடையில நின்னுக்கிட்டு நாந்தான் பேனாவுல அடிச்சேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அதனாலதான் அன்னைக்கு வந்து கேக்கணும்னு இருந்தேன்.”

“இப்ப வாசிச்சிட்டேனே தங்கையா.”

“வாசிச்சீங்க மச்சான். ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க.” அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு நாற்காலியில் சாமுவேல், ஒன்றில் ஸ்டெஃபனி, மேசையில் ஆறிப்போன கோப்பி. “ஆனா அன்னைக்குக் கோயில் நெறைய ஆளு இருந்தாங்க. அக்காவும் அங்கதான் படுத்திருந்துச்சு.”

சாமுவேல் காகிதத்தை மடித்தார். கை நடுங்கியதில் மடிப்பு நேராக வரவில்லை. ஸ்டெஃபனி அதை வாங்கி மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு, போகலாமா அப்பா என்று கேட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. யாருக்கு வாசிப்பது என்று தெரியாமல் அந்தக் காகிதத்தை மறுபடியும் வெளியே எடுத்தார்.